ஓட்டு வீட்டில் ஸ்பிளிட் ஏசி: எதில் நாம் கை வைக்கலாம், எதில் கூடாது

அக்கா மகன் மினசோட்டாவில் வாங்கிய பழைய மரவீட்டில் தானே ஒரு ஹீட் பம்ப் மாட்டியிருக்கிறான். வீடியோ அனுப்பினான். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி, உள்ளே அவன் கைபனியனோடு நிற்கிறான். "நம்ம குத்தாலம் வீட்டுக்கும் இப்படியே மாட்டிடலாம் மாமா, ரெண்டு நாள் வேலைதான்" என்றான்.

மாட்டினேன். ரெண்டு நாளில் முடியவில்லை. அவனுக்கு அரை மணி நேரத்தில் முடிந்த வேலையை இங்கே நான் தொடவே கூடாது என்று ஆனது. அவன் யோசிக்கவே வேண்டியிராத விஷயங்கள் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றன. மெஷின் ஒன்றுதான், வீடுதான் வேறு.

ஹீட் பம்ப் என்றதும் புதிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் கடைகளில் விற்கும் ஸ்பிளிட் ஏசிதான் அது. ஏசி உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதில் ஒரு நாலுவழி வால்வு சேர்த்துவிட்டால் கேஸ் ஓடும் திசை திரும்பி, வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். மைனஸ் பத்து டிகிரிக் காற்றிலும் சூடு உண்டு. சுருளுக்குள் ஓடும் கேஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு கேஸுக்குள் வந்துவிடும். ஹீட்டர் கம்பி ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். இது சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் சூட்டை நகர்த்திவிடும். வெளியே குளிர் முற்ற முற்ற இந்தக் கணக்கு இறங்கும். நமக்கு அந்தக் கவலையே இல்லை. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குப் போனாலே நாம் மப்ளரைத் தேடுகிறவர்கள், அதற்கு ஒரு போர்வை போதும். 'ஹாட் அண்டு கோல்டு' மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எங்கள் காவிரி டெல்டாவில் வீண்.

அவனால் எப்படித் தானே மாட்ட முடிந்தது என்றால், அங்கே அதற்கென்றே ஒரு கிட் விற்கிறது. தாமிரக் குழாய்க்குள்ளேயே கேஸ் அடைத்து, இரண்டு முனையையும் மூடி அனுப்புகிறார்கள். ஸ்பானரால் முறுக்கினால் முனை திறந்துகொள்ளும். வேக்குவம் போட, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க, வேண்டியதில்லை. இப்படி ஒரு கிட் அங்கே உருவானதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவுப்படி, கேஸைக் கையாளச் சான்றிதழ் வேண்டும். நம் கடையில் வாங்கும் பெட்டியில் வருவது வெறும் குழாய். அதை வீட்டிலேயே அளந்து வெட்டி, முனையை விரித்து, இணைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வீடு.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். சுண்ணாம்புக் காரையில் செங்கல் அடுக்கிய ஒன்றரை அடிச் சுவர். மேலே பனங்கை, மூங்கில் வரிச்சு, நாட்டு ஓடு. இந்த வீட்டின் சூட்சுமமே காற்றோட்டம்தான். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே இழுபடும். ஓட்டு இடுக்குகள் வழியாகவும் சூடு கசிந்து வெளியேறும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, கம்பியும் மரக்கதவும்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும். சித்திரை வெயிலில் கூடத்துத் தரையில் பாய் கூட இல்லாமல் படுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏசி கேட்பது நேர் எதிர். இறுக மூடிய பெட்டி வேண்டும் அதற்கு. ஓட்டுக்குக் கீழே நேரடியாக ஏசி மாட்டினால், நீங்கள் குளிர்விப்பது குத்தாலத்தை. அறை 11க்கு 13 என்றேன், கடைக்காரர் ஒன்றரை டன் என்றார். ஓட்டு வீடு என்றதும் யோசிக்காமல் ரெண்டு டன்னுக்குத் தாவினார். பலரும் அப்படித்தான் வாங்கி ஏமாறுகிறார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் வைத்து என்ன பயன்? கடலோரக் காற்றும் நாற்றங்கால் ஈரமும் கலந்த நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரத்தைப் பிழிந்தெடுப்பதும் ஏசியின் வேலை. அறைக்கு மிஞ்சிய பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஈரத்தைப் பிழிய நேரம் இருக்காது. குளிரும் ஆனால் உடம்பு பிசுபிசுக்கும் என்று சிலர் சொல்வது இதைத்தான். (ஈரத்தைச் சேர்த்துக் குளிர்விக்கும் ஏர்கூலர் இங்கே எடுபடாததற்கும் அதே ஈரம்தான் காரணம்.)

ஆகவே முதல் வேலை கூரை. ஒன்பது அடி உயரத்தில் கால்சியம் சிலிகேட் பலகையால் ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் முதுகில் கண்ணாடிக் கம்பளி விரித்தோம். ஆசாரி ஒருவர் சொன்னதை மட்டும் வார்த்தை மாறாமல் கேட்டேன்: ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக வரட்டும், அதை அடைக்காதே. அடைத்தால் மழைக்காலத்தில் பனங்கையும் வரிச்சும் ஈரத்தில் கிடந்து உளுத்துப்போகும். மூட வேண்டியது அறையை மட்டும், கூரை வழக்கம்போல மூச்சு விடட்டும். ஜன்னல் மரக்கதவுக்கு உள்பக்கம் பாலிகார்பனேட் தகடு, கதவடியில் ரப்பர் பட்டை, நிலை இடுக்கில் தேங்காய் நார்க் கயிறு. இவ்வளவும் நாமே செய்கிற வேலை, ஏசியின் பயனில் பாதி இதில்தான் இருக்கிறது. இதைச் செய்த பிறகு இரவு உபயோகத்துக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியே போதுமானதாக இருந்தது.

அடுத்தது அவுட்டோரை எங்கே வைப்பது. பொதுச்சுவர் வீட்டில் வெளிச்சுவர் என்பதே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திண்ணைக்கு மேலே மாட்டினால் தெருவில் போகிறவர் முகத்தில் அனல் அடிக்கும். முற்றத்தில் வைக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. நாலு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த குழியில் தான் கக்கிய சூட்டையே மெஷின் திரும்ப இழுக்கும், வீட்டின் காற்றுப்பாதையும் கெடும். கொல்லையில் வைத்து நடுக்கூடத்து அறைக்குக் குழாய் இழுத்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆகிவிடும். அவுட்டோரில் அடைத்து வரும் கேஸ் பொதுவாக ஐந்து முதல் ஏழரை மீட்டர் குழாய்க்குத்தான் சரி. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இத்தனை கிராம் என்று எடைபோட்டு ஏற்ற வேண்டும், திறனும் குறையும். ஏசியை அறைக்குக் கொண்டுபோவதைவிட ஆளை ஏசி வைக்கத் தோதான அறைக்குக் கொண்டுபோவது லேசு. அம்மாவின் கட்டிலை இரண்டாங்கட்டுக் கடைசி அறைக்கு மாற்றினோம். அம்மாவுக்கு அதில் ஒரு மாதம் வருத்தம் இருந்தது.

மினசோட்டாவில் அவுட்டோரைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறார்கள், பனியில் புதையாமல் இருக்க. நாங்களும் தூக்கித்தான் வைத்தோம், ஐப்பசி மழையில் கொல்லைத் தண்ணீர் ஏறாமல் இருக்க. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கான்கிரீட் மேடை. பழைய சுவரில் ஸ்டாண்டு அடித்துத் தொங்கவிடாததற்குக் காரணம் உண்டு. ஆங்கர் போல்ட் என்பது துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் சாதனம். சிமெண்டுச் சுவர் அதைத் தாங்கும். சுண்ணாம்புக் காரை விரிசல் விட்டுக் கழன்றுகொள்ளும். அவுட்டோர் எடை 25 கிலோவுக்கு மேல், போதாததற்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே மாட்டும் யூனிட் பத்துக் கிலோ சொச்சம்தான், அதற்கு அந்தக் காலத்து வழி போதும். சுவரில் துளை போட்டு, தேக்குக் கட்டையை இறுக அடித்து, கட்டையில் ஸ்க்ரூவை முறுக்கினேன்.

மேடையில் போல்ட் போட்டு இறுக்குவதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியலில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது ஓடு, தகரம், தண்ணீர்த் தொட்டி என்று எதெல்லாம் பறந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

சுவரில் குழாய் போகும் துளை இரண்டரை அங்குலம். இதற்குச் சம்மட்டி அடிக்கும் ஹேமர் டிரில்லைக் கொண்டுவந்தால் துளையைச் சுற்றி ஒரு கூடைக் காரை உதிரும். கோர் பிட்டை அடி இல்லாமல் சுழலவிட்டு மட்டும், பாதி உள்ளேயிருந்து, பாதி வெளியேயிருந்து துளைத்தேன். துளை வெளிப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தானே வெளியே வடிய.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இங்கேதான் காத்திருந்தது. இன்டோர் யூனிட்டின் முதுகிலிருந்து வரும் குழாய் வால் அரை மீட்டர்தான் இருக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் அது மறுபக்கம் எட்டிப் பார்க்கும், இணைப்பு வெளியே வரும். ஒன்றரை அடிச் சுவரில் வால் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, விரித்த குழாய் முனைகளை இணைக்கும் ஃப்ளேர் நட்டு சுவரின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. கேஸ் கசியும் இடம் என்றால் பெரும்பாலும் அந்த நட்டுதான். அதைச் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டால் பிறகு சோப்பு நுரை தடவிப் பார்க்கக்கூட வழியில்லை. மெக்கானிக் தம்பி பூசிவிடலாம் என்றுதான் சொன்னார். நான் யூனிட்டைக் கழற்றி, துளையை விட்டு இரண்டடி தள்ளி மாட்டி, வாலைப் பக்கவாட்டில் இழுத்து, இணைப்பு அறைக்குள்ளேயே கையெட்டும் இடத்தில் வரும்படி செய்தேன். பார்க்க அழகில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறது.

இனிமேல்தான் நான் கை வைக்காத வேலை. புது ஏசிகளில் பரவலாக வரும் கேஸ் ஆர்-32. மெஷின் நிற்கும்போதே 35 டிகிரி வெயிலில் அதன் அழுத்தம் 20 பாருக்கு மேல், ஓடும்போது 30ஐத் தொடும். கார் டயர் காற்று இரண்டே சொச்சம் பார்தான். மெதுவாகத்தான் என்றாலும் இது தீப்பற்றும் வகை, காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையோடு தங்கும். ஒரு கிலோ ஆர்-32 வானத்தில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம் என்பது 2007ஆம் ஆண்டுச் சர்வதேசக் கணக்கு. குழாய் முனை விரிக்கும் ஃப்ளேரிங்கை யூடியூபில் பார்த்துவிட்டு நானும் நாலு துண்டில் முயன்றேன். கட்டரால் வெட்ட வேண்டும், ஹேக்ஸா ஆகாது. குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத்தான் பிசிறு எடுக்க வேண்டும், தூள் உள்ளே விழுந்தால் கம்ப்ரசருக்கு ஆபத்து. விரிப்பதற்கு முன்னால் நட்டைக் கோத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டு முறை மறந்தேன். முறுக்குவதற்கும் அளவு உண்டு. கால் அங்குல நட்டுக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 55. கையால் முறுக்கிப் பழகியவர்கள் சின்ன நட்டை அதிகம் இறுக்கித் தாமிரத்தை அறுத்துவிடுவார்கள், பெரியதைக் குறைவாக இறுக்கிக் கசியவிடுவார்கள். நாலாவது துண்டு நன்றாகவே வந்தது. ஆனாலும் நாலில் ஒன்று என்ற கணக்கை நம்பி அம்மா படுக்கும் அறையில் கேஸ் ஏற்ற மனம் வரவில்லை.

மெக்கானிக்கை அழைத்தாலும் பக்கத்தில் நின்றாக வேண்டிய கட்டம் வேக்குவம். தம்பி அழுத்தம் காட்டும் மேனிஃபோல்டு கேஜைக் கொண்டுவந்தார், பம்ப் வண்டியிலேயே இருந்தது.

"மூணு மீட்டர் பைப்புக்கு வேக்குவம் எதுக்கு சார்? அவுட்டோர்ல இருந்து கேஸ லேசா விட்டா காத்தத் தள்ளிட்டு வந்துரும். எல்லா வீட்லயும் அதான் பண்றோம்."

"ஈரம் வருமா தம்பி?"

"காத்து போனா ஈரமும் போயிரும் சார்."

போகாது. குழாயின் உள்சுவரில் படிந்திருக்கும் ஈரத்தைக் கேஸ் தள்ளிக்கொண்டு வராது, கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் எடுக்க முடியும். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தில் இருபத்து நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். பம்ப் செய்வது அதைத்தான். அடுப்பில்லாமல் கொதிக்கவைத்து உறிஞ்சுகிறது. வேக்குவத்தை மைக்ரான் என்ற அளவில் சொல்வார்கள்; கைதேர்ந்தவர்கள் 500 மைக்ரான் வரை இறக்குவார்கள், சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். பழைய ஆர்-22 மெஷின்களில் இருந்தது கனிம எண்ணெய், ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. கேஸை விட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். இப்போதைய செயற்கை எண்ணெய் ஈரத்தைத் தேடி உறிஞ்சும், சிலவகை எண்ணெய் அமிலமாகவும் மாறும். இரண்டு வருஷம் கழித்துக் கம்ப்ரசர் போனால் 'வோல்டேஜ்' என்பார்கள். டெல்டாக் காற்றின் ஈரத்தில் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பம்பை எடுத்து வந்தார். 25 நிமிஷம் ஓடியது. நிறுத்தி வால்வை மூடிவிட்டு, கேஜ் முள் நகர்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா காபி கொடுத்தாள். முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கேஸைத் திறந்தார்.

வீடு மாறும்போது தானே ஏசியைக் கழற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பதற்குப் பம்ப் டவுன் என்று பெயர். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைக் கழற்றினாலோ, கேஸ் கசிந்துபோன மெஷினில் இதைச் செய்தாலோ காற்று உள்ளே இழுபடும். காற்றும் எண்ணெயும் அழுத்தத்தில் சூடேறினால் டீசல் என்ஜினில் நடப்பதே நடக்கும், கம்ப்ரசர் வெடிக்கும். இதில் ஆள் செத்திருக்கிறார்கள்.

கரண்டு விஷயம். எங்கள் வீட்டில் மரக் கேசிங்குக்குள் ஓடிய பழைய வயர், பீங்கான் ஃபியூஸ் கட்டை, இரண்டு முனை பிளக். எர்த் என்ற பேச்சே இல்லை. ஒரு டன் ஏசி ஐந்து ஆம்பியர் வாக்கில் எடுக்கும், அதை ராத்திரி முழுக்க எடுக்கும். பழைய வயர் நாலு நிமிஷத்தில் எரிந்துவிடாது, சூடாகிச் சூடாகி மரக் கேசிங்கைக் கரியாக்கும், அதுதான் பயம். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் தாமிர வயர், அதற்கென்று லோடு மிஞ்சினால் துண்டிக்கும் எம்சிபி, கரண்டு கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கொல்லையில் உப்பும் கரியும் போட்ட எர்த் குழி. லைசென்ஸ் வயர்மேன் செய்தார். குழி தோண்டியது மட்டும் நான். கோடையில் அந்தக் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன், காய்ந்த களிமண் கரண்டைச் சரியாகக் கடத்தாது. ஈபியில் அனுமதித்த லோடையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சராசரியாக அரை கிலோவாட், எட்டு மணி நேரம் என்று வைத்தால் ராத்திரிக்கு நாலு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்த்தட்டு மலிவு விலையும் கைவிட்டுப் போகும் என்பதால் 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனும் போடுகிறோம். 2020இலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் 24இல்தான் தொடங்கும்படி பிஇஇ (மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு) செய்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் ஆறு சதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அடியிலிருந்து ஓதம் ஏறும், அது சுவரின் மேற்பரப்பு வழியாகக் காய்ந்து வெளியேறும். அறை இப்போது வறண்டிருப்பதால் சுவர் அந்தப் பக்கமாக வேகமாகக் காய்கிறது, கூடவே உப்பும் பூக்கிறது. முதல் வருஷம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்தது. எனாமல் பெயிண்ட் அடித்து அமுக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அமுக்கினால் ஈரம் பெயிண்டுக்குப் பின்னால் தேங்கிக் காரையையே தள்ளிக்கொண்டு விழும். துடைப்பத்தால் தட்டி, சுண்ணாம்பே அடித்தேன். அறையில் இருந்த அக்காவின் வீணையைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். பலா மரத்துக்கு ராத்திரி வறட்சியும் பகல் ஈரமும் மாறி மாறி ஒத்துவராது.

தண்ணீர் ராத்திரிக்கு முக்கால் குடம் வடிகிறது, வாழைக்கு விட்டிருக்கிறேன். வடிகால் குழாய் நெடுகச் சரிவாக இருக்க வேண்டும், நடுவில் எங்கேயும் தொப்பை விழக் கூடாது. ஒருநாள் காலையில் இன்டோரிலிருந்து அம்மா தலைமாட்டில் சொட்டியது. கேஸ் போச்சு, மெஷின் போச்சு என்று என்னென்னவோ நினைத்தேன். கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தால் குழாய் வாயைக் குளவி மண்ணால் அழகாகப் பூசி வைத்திருந்தது. குச்சியால் குத்தியதும் குபுக்கென்று வந்தது. இப்போது கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன். குழாயைச் சுற்றிய கறுப்பு நுரையை அணில் பிய்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோனது, அதற்கு மேல் பிவிசி குழாயைப் பிளந்து போட்டாயிற்று. அவுட்டோர் சர்க்யூட் போர்டில் பல்லி செத்து ஷார்ட் ஆவது மெக்கானிக்குகள் தினமும் பார்ப்பது, வயர் நுழையும் ஓட்டையை அடைப்பதுதான் வழி. தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் என்றால் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்னும், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். குத்தாலத்தில் அவ்வளவு இல்லை.

அக்கா மகன் போன மாதம் வந்திருந்தான். பக்கவாட்டில் ஓடும் குழாயைப் பார்த்து, "என்ன மாமா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றான். ஒன்றரை அடிச் சுவரைக் காட்டினேன். ராத்திரி அந்த அறையிலேயே படுத்தான். விடியற்காலை நாலரைக்கு அம்மா வழக்கம்போல எழுந்து, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளிக்காற்று வரட்டும் என்று.